விலை கூடிய ஷாம்பூவும் சோப்பும்: கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது?

கல்லூரியில் படிக்கும் உங்கள் மகள் 250 மில்லி 900 ரூபாய் விலையுள்ள ஷாம்பூவும், 100 கிராம் 250 ரூபாய் விலையுள்ள, கையால் செய்த மூலிகைச் சோப்பும் வாங்குகிறாள், அப்படியும் முடி கொட்டுவது நிற்கவில்லை, இந்தச் செலவு தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஷாம்பூ, சோப்பு தயாரிக்கும் ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல நடுத்தர விலைப் பொருளுக்கு மேல் நீங்கள் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வாசனைக்கும், கையில் படும் வழவழப்புக்கும், புட்டிக்கும், விளம்பரத்துக்குமே போகிறது. இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால், அதே பணத்தை எங்கே செலவிட்டால் பலன் கிடைக்கும் என்பதும் விளங்கிவிடும்.

ஒரு பொருளை வாங்கும் முன், அது உடம்பில் எவ்வளவு நேரம் தங்கப்போகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஷாம்பூ தலையில் இருப்பது ஒன்றிரண்டு நிமிடம். சோப்பு தோலில் இருப்பது அதைவிடக் குறைவு. பிறகு தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடுகிறது. அந்த நேரத்துக்குள் அது செய்ய வேண்டிய வேலை, எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் கழற்றித் தண்ணீரோடு அனுப்புவதுதான். அந்த வேலையை மலிவான பொருளும் குறைவில்லாமல் செய்கிறது. தோலுக்கோ முடிக்கோ ஊட்டம் தரும் என்று சொல்லிச் சேர்க்கப்படும் விலையுயர்ந்த சரக்குகளில் பெரும்பகுதி, வேலை செய்ய நேரமே கிடைக்காமல் கழுவப்பட்டுவிடுகிறது.

எந்த ஷாம்பூ புட்டியையும் எடுத்துப் பின்பக்கத்தைப் படியுங்கள். முதலில் தண்ணீர் இருக்கும். பெரும்பாலான ஷாம்பூக்களில் நான்கில் மூன்று பங்கோ அதற்கு மேலோ தண்ணீர்தான். அடுத்தது பெரும்பாலும் சோடியம் லாரெத் சல்ஃபேட். அழுக்கை நீக்கி நுரை தருவது அது. அதன் கடுமையைத் தணிக்க, தேங்காய் எண்ணெயிலிருந்து பெறப்படும் கோகாமிடோபுரோப்பைல் பீட்டைன் என்ற பொருள் சேர்ந்திருக்கும். பிறகு உப்பு, வாசனை, கெட்டுப்போகாமல் காக்கும் பொருள், சிட்ரிக் அமிலம் என்று பட்டியல் இறங்கும். 90 ரூபாய்ப் புட்டியிலும் 900 ரூபாய்ப் புட்டியிலும் இந்த முதுகெலும்பு அநேகமாக ஒன்றே. இந்திய விதிகளின்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அதிக அளவிலிருந்து குறைந்த அளவுக்கு இறங்குவரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். புட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும் ஆர்கன் எண்ணெயோ, செம்பருத்திச் சாறோ, வெங்காய விதை எண்ணெயோ அந்தப் பட்டியலில் எங்கே நிற்கிறது என்று தேடுங்கள். வாசனைப் பொருளுக்கும் கெட்டுப்போகாமல் காக்கும் பொருளுக்கும் அக்கம்பக்கத்தில் அது இருந்தால், ஒரு சதவீதத்தைத் தாண்டியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஷாம்பூவில் எண்ணெயை அதிகம் சேர்க்கவும் முடியாது. எண்ணெய் கூடினால் நுரை படுத்துவிடும்.

கெட்டியாக இருக்கும் ஷாம்பூ சத்து மிகுந்தது, நீர்த்திருப்பது கலப்படம் என்று பலர் நம்புகிறார்கள். தயாரிப்பின் கடைசிக் கட்டத்தை நேரில் பார்த்தால் அந்த நம்பிக்கை போய்விடும். தண்ணீராக ஓடிக்கொண்டிருக்கும் கலவையில் சாதாரண உப்புக் கரைசலைச் சிறிது சிறிதாக விடுவோம். கலக்கியின் தண்டு மெல்லத் திணறத் தொடங்கும். சற்று நேரத்தில் கலவை தேன் பதத்துக்கு வந்து, கரண்டியில் எடுத்தால் நூலாக இறங்கும். உப்பு அளவு மீறினால் மறுபடியும் நீர்த்துவிடும் என்பதால் அந்த இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். சில ஷாம்பூக்களில் காணும் முத்துப் பளபளப்பும் அப்படித்தான். கிளைக்கால் டைஸ்டியரேட் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருளின் நுண்படிகங்கள் ஒளியைப் பிரதிபலிப்பதால் அது தோன்றுகிறது. கெட்டித்தன்மை, பளபளப்பு, மிகுந்த நுரை ஆகிய மூன்றையும் மிகக் குறைந்த செலவில் கொண்டுவந்துவிடலாம். அவற்றால் முடிக்கு ஒரு நன்மையும் இல்லை.

இனி முடியின் பக்கம் வருவோம். தலைக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. கெராட்டின் என்ற புரதத்தால் ஆன இழை அது. அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது, உணவை ஏற்கும் வழியும் கிடையாது. பயோட்டின் போன்ற வைட்டமின்கள் கலந்த ஷாம்பூ அந்த இழையை ஊட்டி வளர்க்கும் என்ற விளம்பரத்துக்கு உடலியலில் ஆதாரம் இல்லை. பிளந்த நுனியை எந்த ஷாம்பூவும் நிரந்தரமாக ஒட்டவைக்காது. கத்தரிக்கோல் ஒன்றே வழி. கெராட்டின் ஷாம்பூ என்று விற்கப்படுவதில் இருப்பது, துண்டுகளாக உடைக்கப்பட்ட புரதம். அது முடியின் மேற்பரப்பில் கொஞ்சம் படியும், அடுத்த குளியலில் பெரும்பாலும் போய்விடும். அந்த ஒட்டுதலால் சிக்கு சிறிது குறையலாம். அந்த அளவுக்கு அது உண்மை.

ஷாம்பூவில் விஞ்ஞானமே இல்லை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஷாம்பூவும் கண்டிஷனரும் ஒரே புட்டியில் வரும் வகை 1980களில் பெரிய நிறுவனங்கள் உருவாக்கியது. சிலிக்கோன் துளிகளையும் கொத்தவரை இனத்துக் குவார் பிசினிலிருந்து செய்யப்படும் நேர்மின்னேற்றம் கொண்ட பொருளையும் அதில் சேர்க்கிறார்கள். புட்டிக்குள் இருக்கும்வரை அவை கலந்தே இருக்கும். தலையில் தண்ணீர் ஊற்றி அலசும்போது பிரிந்து முடியின் மேல் படியும். மிக நேர்த்தியான தொழில்நுட்பம் அது. ஆனால் இன்று அது நடுத்தர விலை ஷாம்பூக்களில் சாதாரணமாகக் கிடைக்கிறது. ஒரே நிறுவனம் பல விலைகளில் பிராண்டுகளை வைத்திருப்பதையும் மறக்கக்கூடாது: இந்துஸ்தான் யூனிலீவரிடம் கிளினிக் பிளஸ்ஸும் இருக்கிறது, ட்ரெசமேயும் இருக்கிறது, லோரியல் குழுமத்திடம் கார்னியரும் உண்டு, பல மடங்கு விலையுள்ள கெராஸ்டாஸும் உண்டு.

விதிவிலக்குகளில் முதலாவது, முடியின் இயற்கை நிறத்தை நீக்கி வெளுத்தவர்களும், அடிக்கடி நிறம் ஏற்றுபவர்களும், ரசாயனத்தால் நேராக்கியவர்களும். அவர்களுடைய முடியில் இயற்கையாக உள்ள மெல்லிய கொழுப்புப் படலம் அழிந்து, இழையின் மேற்புறத்தை மூடியிருக்கும் நுண்ணிய செதில்கள் திறந்து கிடக்கும். சல்ஃபேட் இல்லாத மென்மையான ஷாம்பூ அவர்களுக்குப் பொருத்தமானது. அதன் மூலப்பொருள் விலையும் உண்மையிலேயே கூடுதல். வெளுத்த முடியின் உள்ளே அறுந்த இணைப்புகளைச் சீராக்குவதற்கென்று 2014இல் ஓலாப்ளெக்ஸ் தொடங்கிவைத்த வகையும் அத்தகைய முடிக்காக உருவானதே. எண்ணெய் வைத்துப் பின்னல் போட்டு வளர்ந்த, ரசாயனம் படாத முடிக்கு அதை வாங்குவது வீண்.

இரண்டாவது விதிவிலக்கு பொடுகு. இங்கே விலையைப் பார்க்காமல் மருந்தின் பெயரைப் பார்க்க வேண்டும். மலாசீசியா என்ற பூஞ்சை தலைத்தோலின் எண்ணெயைத் தின்று வாழ்கிறது. அது விட்டுச்செல்லும் கொழுப்பு அமிலங்கள் சிலரது தோலை உறுத்துவதால் செதில் உதிர்கிறது. சிங்க் பைரிதியோன் உள்ள சாதாரணக் கடை ஷாம்பூவே லேசான பொடுகுக்குப் போதும். கட்டுப்படாவிட்டால், மருந்துக்கடையில் கிடைக்கும் 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்பூவை மருத்துவரிடம் கேட்டு, வாரம் இரண்டு முறை, சில வாரங்களுக்குப் பயன்படுத்தலாம். நுரையைத் தலைத்தோலில் 3 முதல் 5 நிமிடம் விட்டுவிட்டு அலச வேண்டும். பலர் போட்ட கையோடு அலசிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்கிறார்கள். பொடுகு அதிகமாக இருக்கும் நாட்களில் தலைத்தோலில் எண்ணெய் ஊறவைப்பதையும் நிறுத்த வேண்டும், ஏனென்றால் அந்தப் பூஞ்சைக்கு அது தீனி.

பொடுகு இல்லாதவர்களுக்கு நம் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். மாரிக்கோ நிறுவன ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், குளிப்பதற்கு முன் தேய்த்த தேங்காய் எண்ணெய் முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைத்தது. சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிக் குறைக்கவில்லை. தேங்காய் எண்ணெயின் முக்கியக் கூறான லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் இழைக்குள் நுழைய முடிகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். ஆனாலும் காரணம் ஏற்கத்தக்கது. சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை ஆகியவற்றில் உள்ள, நுரை தரும் இயற்கைப் பொருட்களான சாப்போனின்களும் அழுக்கை நீக்குபவையே. நன்றாகச் சலித்த தூளாக இருந்தால் அவை இன்றும் பயன்படும். கரடுமுரடான தூளைத் தேய்ப்பதால் முடியின் செதில்கள் உராய்கின்றன என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

கூடுதல் பணம் கொடுக்க விரும்பினால் அதை ஷாம்பூவுக்குக் கொடுக்காமல் கண்டிஷனருக்குக் கொடுங்கள் என்பேன். ஈர முடி எதிர்மின்னேற்றம் கொண்டது. கண்டிஷனரின் நேர்மின்னேற்றப் பொருள் அதில் ஒட்டி, அலசிய பிறகும் தங்குகிறது, இழைக்கும் இழைக்கும் உராய்வு குறைகிறது, சீப்பில் அறுந்து வரும் முடி குறைகிறது. அதிலும் நடுத்தர விலைக்கு மேல் போக வேண்டிய தேவை இல்லை.

சோப்புக்கு வருகிறேன். இந்தியாவில் சோப்பு வாங்குபவருக்கு, பலரும் படிக்காமல் விடும் ஒரு வசதி உறையிலேயே இருக்கிறது. உறையின் ஓரத்தில், விலையும் தேதியும் அச்சிட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ‘டாய்லெட் சோப்’ என்றோ ‘பாத்திங் பார்’ என்றோ பொடி எழுத்தில் இருக்கும். கூடவே தரமும் டி.எஃப்.எம். என்ற எண்ணும் இருக்கும். டி.எஃப்.எம். என்பது சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறைப்படி முதல் தரச் சோப்புக்குக் குறைந்தது 76 சதவீதமும், இரண்டாம் தரத்துக்கு 70 சதவீதமும், மூன்றாம் தரத்துக்கு 60 சதவீதமும் இருக்க வேண்டும். பாத்திங் பார் வகைக்கு 40 சதவீதமே போதும்; மீதி இடத்தை டால்க் போன்ற நிரப்பிகள் பிடித்துக்கொள்ளலாம். கொழுப்புப் பொருள் குறைந்த சோப்பு தண்ணீர் பட்டதும் கொழகொழவென்று கரைந்து, சோப்புப் பெட்டியின் அடியில் கூழாகத் தங்கும். விளம்பரத்தில் நடிகைகள் கையில் ஏந்தி வரும் சோப்புகளில் சில முதல் தரம் அல்ல. ஆரவாரமில்லாத பழைய சோப்புகளில் சில முதல் தரம். தரத்தையும் எடையையும் பார்த்து, கிராமுக்கு என்ன விலை என்று கணக்கிட்டு வாங்கினால் ஏமாற வேண்டியதில்லை.

இந்தக் கணக்குக்கு அடங்காத வகை ஒன்று உண்டு. 1957இல் அமெரிக்காவில் வந்த டவ் போன்ற கட்டிகள், சோப்பை மட்டும் நம்பாமல் சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் போன்ற செயற்கைச் சுத்திகரிப்புப் பொருளை அடிப்படையாகக் கொண்டவை. கொழுப்பையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்துச் செய்யும் எந்தச் சோப்பும், அது 20 ரூபாயாக இருந்தாலும் 250 ரூபாயாக இருந்தாலும், காரத்தன்மை உடையது, அதன் பி.எச்., அதாவது அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டும் அளவு, 9 முதல் 10 வரை இருக்கும். நம் தோலின் பி.எச். சுமார் 5. நலமான தோல் அந்த மாற்றத்தைச் சில மணி நேரத்தில் தானே சரிசெய்துகொள்ளும். எக்சிமா என்ற தோல் அழற்சி உள்ளவர்கள், வறண்டு வெடிக்கும் தோல் உள்ளவர்கள், முதியவர்கள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு அது சுமை. அவர்களுக்கு மேற்சொன்ன செயற்கைக் கட்டியோ வாசனையற்ற திரவமோ வாங்குவதில் கூடுதல் செலவு நியாயமானது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளுக்கும் இது பொருந்தும். கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகி, வாளியிலும் தரையிலும் நம் தோலிலும் ஒட்டுகின்றன. செயற்கைக் கட்டி அப்படிப் படிவதில்லை.

உங்கள் மகள் வாங்கும் கைவினைச் சோப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பெயரில் இரு வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், ஆமணக்கு எண்ணெய் போன்றவற்றைக் காரத்தோடு கலந்து, அச்சில் ஊற்றி, வெட்டி, நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட வைத்துப் பக்குவப்படுத்துவது. பெரிய ஆலைகள் பிரித்தெடுத்துவிடும் கிளிசரின் இதில் அப்படியே தங்குவதால், குளித்த பின் தோல் இழுப்பது சற்றுக் குறைவாக இருக்கும். உழைப்பும் காத்திருப்பும் சேர்ந்த பொருள். அதன் விலைக்குக் காரணம் உண்டு. மற்றொன்று, ஆயத்தமாக வாங்கிய சோப்புக் கட்டியை உருக்கி, ஒரு கரண்டி நலங்கு மாவோ குப்பைமேனிப் பொடியோ சேர்த்து, பூ வடிவச் சிலிக்கோன் அச்சில் ஊற்றி அன்று மாலையே எடுப்பது. இரண்டையும் ஒரே விலைக்கு விற்கிறார்கள். எவ்வளவு நாள் பக்குவப்படுத்துகிறீர்கள், எந்தெந்த எண்ணெய் என்று விற்பவரிடம் கேளுங்கள். உண்மையில் செய்கிறவர் மலர்ச்சியோடு விவரம் சொல்வார். உறையில் அழகுப்பொருள் தயாரிப்பு உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள், விற்பனைக்குத் தயாரிப்பவர்கள் மாநில உரிமம் பெற்றிருக்க வேண்டும். எந்த வகையானாலும், இரண்டு நிமிடத்தில் கழுவிப்போகும் குப்பைமேனி தோல் நோயைத் தீர்க்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

கிருமிநாசினிச் சோப்புக்கென்று தனியாகப் பணம் கொடுப்பதும் தேவையற்றது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருட்களை வீட்டு உபயோகக் கிருமிநாசினிச் சோப்புகளிலிருந்து விலக்கியது. சாதாரணச் சோப்பையும் தண்ணீரையும்விட அவை மேலானவை என்பதற்கு நிறுவனங்கள் போதிய சான்று தரவில்லை என்பது அதற்கான காரணங்களில் ஒன்று.

செலவுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 250 மில்லி 900 ரூபாய் என்றால் மில்லிக்கு 3 ரூபாய் 60 காசு. நீண்ட முடிக்கு ஒரு முறைக்கு 10 மில்லி என்று வைத்தால் 36 ரூபாய். 200 மில்லி 180 ரூபாய் விலையுள்ள ஷாம்பூவில் அதே அளவுக்கு 9 ரூபாய். வாரம் இரண்டு முறை தலைகுளித்தால் ஆண்டுக்குச் சுமார் 2,800 ரூபாய் வித்தியாசம். இதைவிட மலிவான வழியும் நம் ஊரிலேயே பிறந்தது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் சிறு பாக்கெட்டில் ஷாம்பூ விற்கும் எண்ணத்துக்கு வழிகாட்டினார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய நிறுவனம் சிக் ஷாம்பூவைக் கிராமங்கள் வரை கொண்டுசென்றது. இன்றும் பல பிராண்டுகளில் பாக்கெட்டின் மில்லி விலை, அதே ஷாம்பூவின் புட்டி விலையைவிடக் குறைவு. குப்பையாகச் சேரும் பிளாஸ்டிக் உறையை நினைத்தால் எனக்கு அதைப் பரிந்துரைக்க மனமில்லை. ஆனாலும் தினம் கூலி வாங்கி வாழும் குடும்பத்தை, மலிவுப் பாக்கெட் வாங்குவதால் முடியைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று பயமுறுத்துவது அநியாயம். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பூவுக்கும் கட்டிச் சோப்புக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது; திரவச் சோப்புக்கு அந்தக் குறைப்பு இல்லை. பாடி வாஷ் என்பது பெரும்பாலும் தண்ணீரும் ஷாம்பூவில் உள்ள அதே நுரைப்பொருளும்தான் என்பதால், நலமான தோலுக்கு அதற்கு மாற வேண்டிய அவசியமும் இல்லை.

வாசனைக்காக ஒருவர் கூடுதல் பணம் கொடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். நல்ல சந்தன மணம் உள்ள சோப்பில் குளிப்பது மனத்துக்கு இதமானது, வீட்டுக் கணக்கு இடம் கொடுத்தால் அதை அனுபவிக்கலாம். அதை மருந்து என்று நம்பி வாங்குவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

முடி கொட்டுவதற்கும் ஷாம்பூவின் விலைக்கும் தொடர்பு இல்லை. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. தினமும் தலைகுளிக்காதவர்களுக்கு அது சேர்ந்து, குளிக்கும் நாளில் கொத்தாகத் தெரியும். அதற்கு மேல் போனால் காரணம் வேரில் இருக்கிறது. டெங்கு போன்ற கடும் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, பிரசவம், திடீரென உடல் எடையைக் குறைத்தல் ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி மொத்தமாக உதிர்வதும், பிறகு தானாகவே திரும்புவதும் மருத்துவம் நன்கறிந்த நிகழ்வு. அப்படி ஏதும் நடக்கவில்லை என்றால் ரத்தசோகையையும் தைராய்டையும் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. விடுதிச் சாப்பாட்டில் காலை உணவைத் தவிர்க்கும் கல்லூரிப் பெண்ணுக்கு இதை முதலில் சந்தேகிப்பதே முறை. நடு வகிடு மட்டும் அகன்றுகொண்டே போனால், அல்லது மாதவிடாய் ஒழுங்கற்றும் முகப்பரு மிகுந்தும் இருந்தால், ஹார்மோன் காரணமாகவும் இருக்கலாம்.

ஆகவே அடுத்த 900 ரூபாய்ப் புட்டியை வாங்கும் முன் மகளைத் தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய பரிசோதனைகளை மருத்துவர் எழுதித் தருவார். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை ஏதேனும் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை ரத்தம் எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதிக அளவு பயோட்டின், சில வகைத் தைராய்டு பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டிவிடும். எத்தனை நாள் முன்பு மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று அவரே சொல்வார்.